எல்லையில் நின்ற மகோகனி

கட்டில் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்து, மடவளையிலுள்ள தன் தச்சுப் பட்டறையின் கதவைத் தாஸிம் திறந்துகொண்டிருந்தபோது வேன் ஒன்று பின்பக்கமாக ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. யாரோ அலுமாரி திருத்தக் கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தான். வேனின் கதவு திறந்ததும், தலைப்பலகையில் தன் கையாலேயே செதுக்கிய திராட்சைக் கொடி தெரிந்தது. நாலைந்து மாதத்துக்கு முன், கட்டுகஸ்தோட்டை றமீஸா டீச்சர் தன் மகளின் கல்யாணத்துக்கென்று செய்வித்த கட்டில் அது.

டீச்சர் சண்டைக்கு வரவில்லை. வேன்காரரிடம் ஒரு பையை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். பைக்குள் கோதுமை மாவைப் போல நைசான மரத்தூள். புதுப்பெண் காலையில் எழுந்து கட்டிலின் கீழே கூட்டி அள்ளிச் சேர்த்தது. டீச்சர் வேறு எதுவும் சொல்லச் சொல்லவில்லை, இதைக் கொடுத்தாலே விளங்கும் என்றாராம். ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பைக்கு என்ன பதில் சொல்வது?

தாஸிம் கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான். பக்கச் சட்டங்களின் அடியில் ஊசி குத்தியது போலத் துவாரங்கள். பொலிஷ் படாத இடம் வெளிறிக் கிடந்தது. மகோகனி முற்றினால் உள்ளே சிவந்து வைரம் பாயும். அதைச் சுற்றியிருக்கிற வெள்ளை மரம்தான் பூச்சிக்குத் தீனி. வேலை தெரிந்தவன் வெள்ளையைச் சீவித் தள்ளிவிட்டு வைரத்தில்தான் கை வைப்பான். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுக் குருத்து மரத்தில் வெள்ளையைச் சீவித் தள்ளினால் மிஞ்சுவது விளக்குமாற்றுக் கட்டை அளவுதான். அது சுனாமிக்கு அடுத்த வருசம். கரையோரத்தில் வீடு கட்டும் வேலை மும்முரமாக நடந்தது. மர விலை ஏறியது. முற்றிய மரமெல்லாம் லொறி லொறியாகக் கீழே இறங்கிப் போக, கண்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது குருத்து. சாயம் ஏற்றினால் வெள்ளையும் சிவப்பாகத்தான் தெரிந்தது. மடவளையில் எல்லாரும் அப்படிச் செய்தார்கள், தாஸிமும் செய்தான்.

மரம் தந்தது மக்கீன். தாஸிமின் மனைவி ஹபீலாவுக்கு மூத்த சகோதரர். சந்தியில் மரம் விற்கிற மரக்காலை வைத்திருந்தார், சொந்த லொறியும் இருந்தது. மடவளைப் பட்டறைகளுக்கெல்லாம் அவர்தான் மரம். ஹபீலாவைக் கட்டித் தர வீட்டார் யோசித்தபோது, பையனின் கை சுத்தம் என்று சொல்லிக் கல்யாணத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். அதனால் அன்று பின்னேரம் மரக்காலைக்குப் போன தாஸிம் குரலை உயர்த்தவில்லை. இந்த மரம் எங்கே வெட்டியது என்று மட்டும் கேட்டான்.

கடுகண்ணாவைக்கு மேலே, துண்டு துண்டாகப் பிரிந்துபோன பழைய தேயிலைத் தோட்டமொன்றில் வெட்டியது என்றார் மக்கீன். சனங்கள் ஒவ்வொரு துண்டு வாங்கி மிளகும் மரமும் வைத்திருக்கிறார்கள், மிச்சமிருக்கிற பாதியையும் தை மாதம் வெட்டப் போகிறேன் என்றார்.

“அதுவும் குருத்தா மச்சான்?”

“முத்தும் மட்டும் ஆரு காத்துக்கொண்டு ஈக்கிற? நான் வெட்டாட்டி மாவனல்லையில இருந்து வந்து வேற ஆள் வெட்டுவான்.”

அதில் பொய்யில்லை. தாஸிம் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அந்தப் பை அவனை விடவில்லை. திங்கட்கிழமை காலையில் அதையும் எடுத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினான். குட்செட் பஸ் நிலையத்தில் மாறி, கடுகண்ணாவையில் இறங்கி, கேட்டுக் கேட்டு மேலே ஏறினான். மரம் விற்றவர்களைக் கண்டு இரண்டு வார்த்தை ஏசிவிட்டு வரவேண்டும் என்பதைத் தவிர அவன் மனசில் வேறு திட்டம் எதுவும் இருக்கவில்லை.

பேச்சியம்மா வாசலில் சாக்கு விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளும் புருசன் வீரையாவும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர்கள். தோட்டம் கைமாறிக் கைமாறிப் பாழாய்ப் போனபோது, சேமலாப நிதியில் வந்த காசைப் போட்டு ஒன்றரை ஏக்கர் வாங்கியிருந்தார்கள். வீரையா கடுகண்ணாவையில் பேக்கரி ஒன்றில் வேலைக்குப் போய்வந்தான். காணியைப் பார்ப்பது அவள்தான். வந்தவன் மர வியாபாரி என்று நினைத்து, பாக்கி மரம் பேசி முடிந்துவிட்டது என்று முதலிலேயே சொன்னாள். தாஸிம் பையைப் பிரித்து நீட்டினான்.

“இது என்னா நானா, மாவா?”

“உங்கட மரம்” என்றான் தாஸிம். கட்டிலின் கதையைச் சொன்னான். பச்சைக் குருத்தைப் பணத்துக்காக வெட்டி விற்றால் வாங்கினவன் கதி என்ன என்று கேட்டான். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டே மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“நான் மரத்ததானே வித்தேன்? கட்டில நான் விக்கலயே.”

அவள் எழுந்து, வாங்க, வந்ததுதான் வந்தீங்க, பாத்துட்டுப் போங்க என்று வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

சரிவில் பாதி மொட்டையாக இருந்தது. அடிமரங்கள் தரையோடு தரையாக நின்றன. வெட்டிய மரங்களைக் கயிறு கட்டி ரோடு வரை இழுத்துக்கொண்டு போன தடம், ஐப்பசி மழையில் அறுத்துக்கொண்டு ஓடி, இடுப்பளவு பள்ளமாகியிருந்தது. அந்தச் சேறு முழுக்கக் கீழே பீலியில் போய் இறங்கிவிட்டது என்றாள். பீலி என்றால் ஊற்று நீரை மூங்கிலில் வடிய விட்டிருக்கிற இடம். கீழ்ப்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதுதான் தண்ணீர். ஒரு மாதம் அவர்கள் ரோட்டுக்கு இறங்கி வாளியில் தண்ணீர் சுமந்தார்கள், அந்த ஒரு மாதமும் பேச்சியம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லியே சுமந்தார்கள்.

ஏன் மொத்தமாகக் கொடுத்தீர்கள், பெரிய மரமாகப் பார்த்து ஒன்றிரண்டை விற்றிருக்கலாமே என்று தாஸிம் கேட்டான். கேட்கும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

“ஒத்த மரத்துக்கு லொறி வராதுங்க. வந்தா மொத்தமா, பெருசு சிறுசு எல்லாத்தையும் கண்ணால மதிச்சு ஒரே வெலதான். மக நர்சிங் படிக்கப் போறா. எனக்கு அப்ப காசு வேணும். உங்களுக்கு முத்தின மரந்தான் வேணும்னா, இத்தன வருசமா எங்க போயிருந்தீங்க?”

தாஸிம் திரும்பும்போதுதான் காணியின் ஓரத்தில் நின்ற அந்த மரத்தைக் கண்டான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டப் பாதையோரம் வைத்த மகோகனி. கட்டிப் பிடித்தால் இரண்டு கையும் சேராது. அடியிலிருந்து முதல் கிளை வரைக்கும் ஒரு வளைவு இல்லை. இதை எப்படி மக்கீன் விட்டு வைத்தார் என்று கேட்டான்.

அது எல்லை மரம் என்றாள் பேச்சியம்மா. சேவயர் வந்து அளந்தபோது கோடு மரத்தின் நடுவாலேயே போய்விட்டது. பக்கத்துக் காணிக்காரன் முத்துலிங்கம், தன் அப்பன் வைத்த மரம் என்கிறான். வேர் எங்கள் பக்கம்தான் கூட என்று இவள் சொல்கிறாள். அதில் தொடங்கியது, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று எட்டொன்பது வருசமாகிறது. ஒருத்தர் வெட்ட வந்தால் மற்றவர் பொலிஸுக்குப் போவார். அதனால் யாரும் தொடவில்லை.

தாஸிம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். இந்த மரம் எனக்கு வேண்டும் என்றான். லொறி வராதே என்றாள் அவள். லொறி எதற்கு, நின்ற இடத்திலேயே சாய்த்து அங்கேயே பலகையாக அரிந்துவிட்டால் தலையில் வைத்து ரோட்டுக்கு இறக்கிவிடலாமே, இழுக்கவும் வேண்டாம், பள்ளமும் விழாது என்றான். சொன்ன பிறகுதான் அது நடக்கக்கூடிய காரியம் என்று அவனுக்கே பட்டது. அங்கேயே, அந்த மரத்தடியில் நின்றுகொண்டே, தை மாதம் வெட்டப் போகிற மீதி மரங்களையும் விட்டு வையுங்கள், முற்ற முற்ற ஒவ்வொன்றாக நாங்கள் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டான். ‘நாங்கள்’ என்றது யாரை என்று அவனுக்குத் தெரியாது.

பேச்சியம்மா உடனே சம்மதிக்கவில்லை. மக்கீன் முதலாளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, மாற்றிப் பேச முடியாது என்றாள். அதற்கு மேலும் ஒன்று இருந்தது.

“மரம் முத்துற வரைக்கும் நிக்கட்டும்ங்கிறீங்க. மரம் நிக்கும் நானா. அதுவரைக்கும் நாங்க என்னத்த தின்னுட்டு நிக்கிறது?”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தாஸிமுக்கு இந்த ஒரு கேள்விதான். பேராதனை வந்தபோது ஒரு பதில் தோன்றியது. கண்டி வருவதற்குள் அது பைத்தியக்காரத்தனம் என்று பட்டது. மடவளையில் இறங்கும்போது மறுபடியும் சரியாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸெய்னுலாப்தீனின் பட்டறையில் போய் உட்கார்ந்தான். ஊரில் பெரிய பட்டறை அவருடையது. வாய் கொஞ்சம் கடுமை, வேலை சுத்தம். பக்கத்துப் பட்டறை ஹாஷிமும் வந்திருந்தான். தாஸிம் விசயத்தைச் சொன்னான். நாம் மூன்று பட்டறையும் சேர்ந்து அந்த மரங்களைப் பேசி வைப்போம். வெட்டும்போது கூடுதல் விலை தருவோம். அதுவரைக்கும், நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் வருசா வருசம் கொஞ்சம் கொடுத்து வருவோம், வெட்டும்போது அதைக் கழித்துக்கொள்வோம். நெருக்கமாக நிற்கிற குருத்தைக் களைந்து விட்டால்தான் மற்றது பெருக்கும், அந்தக் குருத்தையும் நாமே எடுத்து மருந்தில் ஊற வைத்துச் சின்னச் சாமான் செய்வோம்.

ஸெய்னுலாப்தீன் சீவுளியைக் கீழே வைத்தார்.

“நிக்கிற மரத்துக்கு சல்லியா?”

இடி விழுந்தால் யார் பொறுப்பு, ராவோடு ராவாக வேறு ஆளுக்கு விற்றால் யாரைப் போய்ப் பிடிப்பது என்று அடுக்கினார். ஹாஷிமுக்கு வேறு பயம். மக்கீன் கோபித்தால் நாளைக்கு மரம் யார் தருவது? தாஸிம் பையைத் திறந்து மேசையில் கொட்டினான். ஸெய்னுலாப்தீன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். தன்னிடமும் ஒரு கதிரை செட் திரும்பி வந்து பின்பக்கம் கிடக்கிறது என்றார். இதுவரை அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சரி, முதலில் அந்தப் பெரிய மரத்தைக் கொண்டு வந்து காட்டு, பிறகு பேசுவோம் என்பதோடு அன்றைக்குக் கூட்டம் முடிந்தது.

இனி மக்கீனிடம் போக வேண்டும். அதைத்தான் தாஸிம் ஒரு கிழமை தள்ளிப் போட்டான். கடைசியில் போய், அந்தப் பொம்பளையை வாக்கிலிருந்து விட்டுவிடுங்கள் என்று நேராகவே கேட்டான். மக்கீன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. ஒரு பக்கத்தைக் கூட்டி முடித்துவிட்டு, எனக்கு எதிராக நீங்கள் கடை விரிக்கிறீர்களா என்று கேட்டார். எதிராக இல்லை என்று தாஸிம் சொன்னான். சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

“விட்டுட்டன்” என்றார் மக்கீன். “அந்தப் பொம்பளைக்காக இல்ல. என்ட தங்கச்சிட மாப்பிள வந்து கேட்டதுக்காக. ஆனா இனி என்ட மரக்காலைக்கு ஒரு பலகை கேட்டு வரப்படாது. நீங்க மட்டுமில்ல, உங்களோட சேர்ற ஆரும்.”

இரவு சாப்பாட்டுக்கு முன்பே விசயம் ஹபீலாவின் காதுக்கு எட்டியிருந்தது. அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சோறு போட்டு, கறி ஊற்றி, எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“அவர் என்ட நானா. நீங்க என்ட மாப்பிள. ரெண்டு பேருக்கும் நான் சோறு வைக்கிற. மரத்தப் பத்தி ரெண்டு பேரும் என்னோட கதைக்க வாணாம்.”

அந்த வார்த்தையை அவள் காப்பாற்றினாள். ஆனால் மக்கீன் அந்த வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. பெருநாளைக்கு அவள்தான் அங்கே போய்வந்தாள்.

எல்லை மரத்தைச் சாய்ப்பதற்கு முன் அதற்குச் சொந்தக்காரர் யார் என்று தீர்க்க வேண்டியிருந்தது. கிராம சேவகர், இரண்டு காணிக்காரரும் ஒன்றாக வந்து கையெழுத்து வைத்தால் மரம் வெட்டக் கடிதம் தருகிறேன், தனித்தனியாக வந்தால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாஸிம் முத்துலிங்கத்தின் வீட்டுக்கும் பேச்சியம்மாவின் வீட்டுக்கும் நடந்தான். பாதிப் பாதி என்று ஒப்புக்கொள்ள வைக்கவே நாலைந்து தடவை மலை ஏற வேண்டியிருந்தது. கடைசியில் இருவரும் ஒரே பஸ்ஸில் காரியாலயத்துக்குப் போனார்கள். அவள் முன் சீட்டில், அவன் கடைசிச் சீட்டில். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்க ஒரே ஒரு கூரைதான். முத்துலிங்கம் நனைந்துகொண்டு வெளியே நிற்பதைப் பார்த்துப் பேச்சியம்மா தாஸிமிடம், அந்த ஆளை உள்ளே வந்து நிற்கச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வான் என்றாள். தாஸிம் சொல்லத் தேவை இருக்கவில்லை. முத்துலிங்கம் உள்ளே வந்து நின்றான்.

வனக் காரியாலயத்தின் அனுமதியும் கிடைத்தபோது மாசி மாதமாகிவிட்டது. வெயில் காலம், மண் இறுகியிருந்தது. கம்பளையிலிருந்து இரண்டு பேர் சங்கிலி வாளோடு வந்தார்கள். மரத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அடியிலிருக்கிற இளமரங்களை நசுக்கிவிடும் என்று, கயிறு போட்டு மேட்டுப் பக்கமாகத் திருப்பினார்கள். ஒரு கயிறு பேச்சியம்மாவின் பக்கம், ஒன்று முத்துலிங்கத்தின் பக்கம். மரம் விழுந்தபோது மிளகுக் கொடி இரண்டு போனது, வேறு சேதமில்லை. ஸெய்னுலாப்தீனும் ஹாஷிமும் அன்றைக்கு வந்திருந்தார்கள். முதல் வெட்டு முடிந்து அடிமரத்தின் முகம் தெரிந்தபோது எல்லாரும் கிட்ட வந்து பார்த்தார்கள். விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதற்குள்ளே நடு வரைக்கும் கருஞ்சிவப்பு. ஸெய்னுலாப்தீன் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இப்படியொரு மரத்தைத் தொட்டுப் பத்து வருசமிருக்கும் என்றார்.

அங்கேயே பலகையாக அரிந்து, கீழ் வீட்டு ஆட்கள் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து ரோட்டுக்கு இறக்கினார்கள். பீலித் தண்ணீரைக் கலக்கியதற்குப் பேச்சியம்மாவை ஏசியவர்களுக்கு அந்த நாட்களில் கூலி கிடைத்தது. சின்ன லொறியொன்று இரண்டு நடையில் எல்லாவற்றையும் மடவளைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. தாஸிம் பலகையைக் காய விட்டு, றமீஸா டீச்சரின் மகளுக்கு முதலிலிருந்து புதுக் கட்டில் செய்து கொண்டு போய்க் கொடுத்தான். டீச்சர் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து அதற்குப் பிறகு கட்டிலும் அலுமாரியும் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரு மரம் மூன்று பட்டறைக்கு எத்தனை நாளைக்குப் போதும்? மக்கீனின் மரக்காலை அவர்களுக்கு மூடப்பட்டதால் அந்த வருசம் கண்டியில் வேறு இடங்களில் கூடுதல் விலைக்கு மரம் வாங்க வேண்டியிருந்தது. ஹாஷிம் பொறுக்க முடியாமல் மக்கீனிடமே திரும்பிப் போனான், தாஸிம் அவனைக் குறை சொல்லவில்லை. தாஸிமே சில மாதம் கதிரைக்கால் மாற்றுவதும் கதவு செதுக்குவதுமாக நாளை ஓட்டினான். கடுகண்ணாவையில் களைந்த குருத்துக் கட்டைகளை மருந்தில் ஊற வைத்து, முக்காலியும் ரொட்டிக் கட்டையும் தேங்காய்த் திருவலைப் பலகையும் செய்து கண்டி மார்க்கட்டில் போட்டான். பிழைப்பை அதுதான் தாங்கியது.

ஆனாலும் ஸெய்னுலாப்தீன் சொன்ன சொல்லை மீறவில்லை. அடிமரத்தின் முகத்தைப் பார்த்த பிறகு அவர் நிற்கிற மரத்துக்குச் சல்லியா என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு வருசமும் மழை தொடங்குவதற்கு முன் இரண்டு பட்டறைக்காரரும் மேலே ஏறுவார்கள். பேச்சியம்மாவும் முத்துலிங்கமும் பக்கத்துக் காணிக்காரர் சிலரும் கூட வருவார்கள். எதை இந்த வருசம் வெட்டுவது, எதை விடுவது, எங்கே கன்று வைப்பது என்று மரம் மரமாக நின்று பேசுவார்கள். சண்டையும் வரும். தச்சர்கள் நேரான மரத்தைக் கேட்பார்கள், அவர்கள் மிளகுக்கு நிழல் தருகிற மரத்தை விடமாட்டார்கள். ஒரு தடவை முத்துலிங்கம், நீங்கள் கட்டில் செய்ய நான் மிளகைக் கருக விட வேண்டுமா என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு பாதியில் இறங்கிப் போய்விட்டான். அடுத்த நாள் அவன் பெண்சாதி வேலாயி போன் பண்ணி, அந்த மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மனுசன் ராவெல்லாம் முனகிக்கொண்டே கிடந்தார் என்றாள்.

ஐந்தாவது வருசம் அதே முத்துலிங்கத்தின் காணியில்தான் அடி விழுந்தது. அவன் மகன் வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்குக் கட்ட வேண்டியிருந்தது. காணி போன வருசம்தான் மகன் பெயருக்கு மாறியிருந்தது. அப்பனிடம் சொல்லாமலே மரத்தைப் பேசி முடித்துவிட்டான். ஒரு காலையில் பேச்சியம்மா தாஸிமுக்குப் போன் எடுத்து, பெரிய லொறி வந்து நிற்கிறது, ஆள் உங்கள் மச்சான் என்றாள்.

தாஸிம் போய்ச் சேர்ந்தபோது வாள் ஓடிக்கொண்டிருந்தது. முத்துலிங்கம் வீட்டுப் படியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்க்கவில்லை. மக்கீன் சரிவின் நடுவில் குடையை ஊன்றி நின்றார். ஐந்து வருசத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர். தாஸிம் ஸலாம் சொன்னான், அவர் பதில் சொன்னார். காணிக்காரன் விற்றிருக்கிறான், அவர் காசு கொடுத்திருக்கிறார். வருசக் காசு கொடுத்ததற்கு எழுத்து எதுவும் இல்லை, தடுக்கிறதுக்குத் தாஸிமிடம் ஒரு நியாயமும் இல்லை. சத்தம் போடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், பக்கத்தில் போய் நின்றதும் ஒரே ஒரு விசயம்தான் கேட்டான். மரத்தை ஊற்றின் பக்கமாக இழுக்க வேண்டாம், கீழே வீடுகள் இருக்கின்றன.

மக்கீன் திரும்பிக் கீழே பார்த்தார். பிறகு லொறிக்காரனைக் கூப்பிட்டு, மேல் ரோட்டுக்குப் போய் நிறுத்து, அங்கே ஏற்றுவோம் என்றார். நல்ல சுற்று அது. லொறிக்காரன் முணுமுணுத்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் தாஸிம் கவனித்தான். சாய்ந்து கிடந்ததெல்லாம் பெரிய மரங்கள். கையளவு, தொடையளவு இருந்த இளமரங்கள் அத்தனையும் அப்படியே நின்றன. அவற்றின் மேல் வாள் பட்ட அடையாளமே இல்லை. மொத்தமாகத்தானே பேசினீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டான்.

“வெட்டி என்னத்த செய்ய?” என்றார் மக்கீன். “இப்ப மடவளையில குருத்த ஆரும் வாங்குறல்ல. ஹாஷிமும் அடிமரத்தப் பார்க்காம எடுக்க மாட்டான். போன வருசம் கொண்டு வந்து வெச்சது இன்னும் என்ட மரக்காலையில கிடந்து உளுக்குது. நீங்க என்ட வியாபாரத்த நாசமாக்கிட்டீங்க மச்சான்.”

குரலில் கோபம் இருந்தது, பழைய கோபம் இல்லை. தாஸிமுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். சந்தோசமா துக்கமா என்று அவனுக்கே விளங்கவில்லை. முப்பது மரத்துக்கு மேல் போய்விட்டது, அதில் பாதி இன்னும் நாலைந்து வருசம் நின்றிருக்க வேண்டியது. நிற்கிற இளமரங்களை எண்ணிப் பார்க்க மனசு வந்தது, எண்ணவில்லை.

பேச்சியம்மா கேத்தலில் பிளேன் டீ கொண்டு வந்தாள். வாள்காரர்களுக்கும் மக்கீனுக்கும் தாஸிமுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். படியில் உட்கார்ந்திருந்த முத்துலிங்கத்தைத் தாண்டிப் போனாள், கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்று, ஒரு கோப்பையில் ஊற்றி வேலாயியின் கையில் கொடுத்து, அந்த ஆளுக்குக் குடு, மகன் செஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான் என்றாள். நின்ற இளமரங்கள் யாருக்கு என்ற பேச்சை அவள்தான் எடுத்தாள். மகன் வெளிநாடு போய்விடுவான், மரத்துக்குக் காவல் இருக்கப் போவது அப்பன்தான், அதனால் வருசக் காசு இனிமேல் முத்துலிங்கத்தின் கையில் வர வேண்டும், காணி யார் பெயரில் இருந்தாலும் சரி என்றாள். தாஸிம் ஒப்புக்கொண்டான். மக்கீன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“நிக்கிற மரத்துக்கு என்ன குடுக்கிறீங்க?” என்று மெல்லக் கேட்டார். தாஸிம் சொன்னான். அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். பலகை இறக்க எந்த லொறி பிடிக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. சின்ன லொறிதான், அது அடிக்கடி கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிடுகிறது என்றான் தாஸிம்.

“என்ட லொறி கிழமையில மூணு நாள் சும்மாதான் ஈக்கி.”

“ஸெய்னுலாப்தீன் நானாட்டயும் இவங்கள்ட்டயும் கேக்கணும் மச்சான். நான் மட்டும் முடிவெடுக்க ஏலாது.”

மக்கீன் தலையசைத்தார். கேட்டுச் சொல்லுங்கள் என்றார். பொழுது சாயும் மட்டும் மரம் ஏற்றினார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் மக்கீன் லொறியின் முன்கதவைத் திறந்து, ஏறுங்கள் என்று மட்டும் சொன்னார். பேச்சியம்மா ஒரு பையில் மிளகு கட்டி, வீட்டுக்காரிக்குக் கொடுங்கள் என்று தாஸிமிடம் நீட்டினாள். வளைவுகளில் லொறி மெதுவாக இறங்கியது. பிலிமத்தலாவை தாண்டியதும் மக்கீன், ஹபீலாவுக்குப் போன் எடுங்கள், எனக்கும் சேர்த்துச் சோறு போடச் சொல்லுங்கள் என்றார். தாஸிம் போனை எடுத்து நம்பரை அழுத்தினான்.